பத்து கேன் ப்ளீச்சும் விவரிப்புத் துறையும்

ப்ளீச்சுக்கு ப்ளீச் என்று பெயர். இது என் மாமியாருக்குத் தெரியும். பக்கத்துத் தெரு சலவைக்காரருக்குத் தெரியும். கறுப்புச் சட்டையை அதில் முக்கிவிட்டு ஒரு நாள் முழுக்க அழுத என் மகளுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதவர்கள் துறைமுகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருக்கும் பதினேழு பேர் மட்டும்தான். அவர்களுக்கு அதைத் தெரிவிப்பதற்காக நான் நாலு நாள் படியேறினேன்.

நான் ப்ளீச் தயாரித்து விற்கிறவள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, நாலு நீலத் தொட்டி, ஒரு பம்பு. அவ்வளவுதான் என் ஆலை. வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜின் அறையில் இருக்கிறார், வருஷத்தில் இரண்டு மாதம் விருந்தாளி போல வந்து போவார். கொட்டகையை நானும் மாமியாரும் பார்த்துக்கொள்கிறோம். ஊருக்குள் எத்தனை கேன் விற்றாலும் யாரும் கேட்பதில்லை. கடலைத் தாண்டுகிற சரக்குக்குத்தான் பேப்பர் வேண்டும். எங்கள் சரக்கு கடலைத் தாண்டியதில்லை.

தாண்ட வைத்தவன் என் தம்பி. எதிர்த்தீவில் நீச்சல் பயிற்சியாளன். என் மகள் வாராவாரம் படகில் போய் அவனிடம்தான் கற்றுக்கொள்கிறாள். தாய்மாமன் என்பதால் கட்டணம் கிடையாது, திட்டு மட்டும் மற்ற பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தான்.

"அக்கா, நீச்சல் குளம் பச்சையாயிடுச்சு."

"எவ்வளவு பச்சை?"

"தவளை வந்திருக்கு."

சனிக்கிழமை போட்டி. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. என் மகளுக்கு அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு முடிகிறது. போன வருஷம் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அதற்கு முந்தின வருஷம் மேடையில் ஏறி, தண்ணீரைப் பார்த்து, மெதுவாக இறங்கி வந்துவிட்டாள். இந்த வருஷம் விட்டால் இந்தப் போட்டி அவளுக்கு இனி இல்லை. சனிக்கிழமை காலையில் குளத்தின் அடித்தளம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் போட்டி ரத்து என்று நடுவர் சொல்லிவிட்டாராம். குளத்தில் மருந்தாக ஊற்றும் ப்ளீச் தீவில் தீர்ந்துவிட்டதாம்.

"பத்து கேன் போதும்க்கா. வியாழக்கிழமை சாயங்காலப் படகுல வந்தாக்கூடப் போதும். ராத்திரியோட ராத்திரியா போட்டுட்டா, வெள்ளிக்கிழமை வெயில் மிச்சத்தைப் பாத்துக்கும்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மகள் எழுந்தாள். குளியலறைக்குப் போய் வாளித் தண்ணீரில் முகத்தை அமுக்கிக்கொண்டு மூச்சடக்கிப் பழக ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை பத்து கேன், ஒவ்வொன்றும் இருபது லிட்டர், வீரியம் பன்னிரண்டு சதவீதம், ஆபத்து ஸ்டிக்கர் ஒட்டி, துறைமுக யார்டில் கொண்டுபோய் இறக்கினேன். யார்டில் கூரை கிடையாது. மேலே ஏறி அபாயச் சரக்கு விவரிப்புத் துறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். பிரிவு அதிகாரி என் படிவத்தை வாங்கி, மேஜை விளக்கைப் போட்டு, ஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்துப் படித்தார். துறைமுகம் முழுக்க அவரைக் காற்புள்ளி என்றுதான் சொல்வார்கள். ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்காக ஒரு கப்பலை மூன்று நாள் நிறுத்தி வைத்தவர். அந்தக் கப்பலின் படத்தைச் சட்டம் போட்டுத் தலைக்கு மேல் மாட்டியிருந்தார்.

"ப்ளீச்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"எங்க பட்டியல்ல ப்ளீச்னு ஒண்ணு இல்லை. ஹைப்போகுளோரைட் கரைசல்னுதான் இருக்கு. பட்டியல்ல இல்லாத பொருளை நான் எப்படிக் கப்பல் ஏத்துவேன்? இல்லாத பொருள்ம்மா அது."

"சார், கீழே யார்டுல பத்து கேன் நிக்குதே."

"நிக்கட்டும். நின்னா இருக்குன்னு அர்த்தமா?"

தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு, அங்கேயே திருத்தி எழுதுகிறேன், வேறு தவறு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு ஆசிரியரின் கருணை வந்தது.

"இருக்கு. சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு தவறுதான் சொல்லணும்னு எங்க விதி. எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிட்டா நீங்க திருத்திடுவீங்க. கத்துக்க மாட்டீங்க."

செவ்வாய்க்கிழமை 'ஹைப்போகுளோரைட் கரைசல்' என்று முத்து முத்தாக எழுதிக்கொண்டு போனேன். ஸ்கேல் நகர்ந்தது, நின்றது.

"பேரை முதல்ல எழுதிட்டு அந்தப் பொருளோட ஐ.நா. எண்ணை ரெண்டாவதா எழுதியிருக்கீங்க. ஆயிரத்து எழுநூத்துத் தொண்ணூத்தொண்ணுதான் முதல்ல வரணும். அப்புறம் பேரு, அப்புறம் வகுப்பு எட்டு, அப்புறம் பிரிவு மூணு."

"எல்லாமே இருக்கு இல்லையா சார்? முன்னப் பின்ன இருந்தா என்ன?"

காற்புள்ளி பேனாவை மூடினார். பக்கத்து மேஜைக்காரர்களும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். இந்தப் பேச்சை அவர்கள் பலமுறை கேட்டு ரசித்திருக்க வேண்டும்.

"ஒரு விபத்து நடக்குதுன்னு வையுங்க. தீயணைப்புக்காரர் ஓடி வர்றார். பேப்பரை எடுக்கிறார். உங்க பேப்பர்ல முதல்லயே பேரு இருக்கு. உடனே அவருக்கு இது என்னன்னு புரிஞ்சிடும். தண்ணியை எடுத்து அடிச்சு அணைச்சிட்டுப் போயிடுவார். அப்புறம் அந்த எண்ணை யாரு பாப்பா? எத்தனை நாடு உட்கார்ந்து பேசி வெச்ச எண்! அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

இரண்டு பேர் மெல்லக் கை தட்டினார்கள்.

தண்ணீர் குடிக்கலாம் என்று வெளியே வந்தேன். வராந்தா மூலையில் 'குடிதண்ணீர்' என்று எழுதிய வெள்ளைக் கேன் இருந்தது. டம்ளரில் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகும்போது மூக்கில் சுரீரென்று ஏறியது. என் தொழில் என் உயிரைக் காப்பாற்றியது. கழிப்பறை கழுவுகிற ஆசிட்! டம்ளரோடு உள்ளே ஓடினேன்.

"சார், குடிதண்ணிக் கேன்ல ஆசிட் இருக்கு!"

"ஆமா, பெருக்குற அம்மா அதுலதான் ஊத்தி வெப்பாங்க. நாங்க யாரும் குடிக்க மாட்டோம்" என்றார் காற்புள்ளி.

"ஒரு சீட்டாவது ஒட்டி வைக்கக் கூடாதா?"

"அது சரக்கு இல்லையேம்மா. எங்கேயும் போகலை. பயணம் போற பொருள்தான் ஆபத்தான பொருள். ஒரே இடத்துல இருக்கிறதை விவரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை."

நானே என் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிட்டு வந்தேன். அரசு உடைமையில் அனுமதியின்றி உண்மையை ஒட்டியதற்காக மறுநாள் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள்.

புதன்கிழமை, படிவத்தில் நான் எழுதியிருந்த அவசர உதவி எண்ணைச் சோதித்தார்கள். பகலோ இரவோ எப்போது அழைத்தாலும் விவரம் தெரிந்த ஒருவர் எடுக்க வேண்டும் என்பது விதி. நான் வீட்டில் இருக்கும் செல்போன் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். காற்புள்ளி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். அந்த நேரத்தில் எடுக்கப்போவது மாமியார்.

"அலோ, யாரு?"

"ஹைப்போகுளோரைட் கரைசல் சிந்திவிட்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும்?"

"எங்கே சிந்துச்சு?"

"எங்காவது."

"எங்காவதுன்னா? தரையிலயா, ஆளு மேலயா?"

காற்புள்ளி படிவத்தைப் புரட்டினார். "ஆள் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

"அட அறிவுகெட்டவனே! ஆளு மேல பட்டிருக்கு, நீ போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியா? தண்ணிய ஊத்துடா! கால் மணி நேரம் ஊத்து! சட்டையைக் கழட்டு! கண்ணுல பட்டிருந்தா கண்ணைக் கழுவிட்டு டாக்டர்கிட்ட ஓடு! பக்கத்துல ஆசிட் இருந்தா எடுத்துத் தூரப் போடு! போனை வைடா முதல்ல!"

டக்கென்று துண்டித்துவிட்டார். காற்புள்ளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு 'திருப்தி' என்று எழுதினார். கீழே சின்னதாக, 'பதிலளித்தவர் தம் பதவியைக் கூறவில்லை' என்றும் சேர்த்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மாமியார் செல்போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். "துறையில இருந்து கூப்பிட்டாங்க. இனிமே குளிக்கும்போதுகூட இது என்கிட்டதான் இருக்கும்" என்றார். அறுபத்தாறு வயதில் முதல் உத்தியோகம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆனால் அன்றைய தவறு போனில் இல்லை, கேனில் இருந்தது. துறையின் சோதனைக்கூடத்தார் என் கேனிலிருந்து ஒரு குப்பி எடுத்துச் சோதித்திருக்கிறார்கள்.

"பன்னிரண்டு சதவீதம்னு எழுதியிருக்கீங்க. பத்துதான் இருக்கு. இது பொய் விவரம்."

"பொய்யெல்லாம் இல்லை சார். திங்கட்கிழமை பன்னிரண்டுதான் இருந்துச்சு. ப்ளீச்சை வெயில்ல வெச்சா வீரியம் குறைஞ்சுக்கிட்டே போகும். உங்க யார்டுல கூரை இல்லையே."

"பத்துன்னு மாத்தி நாளைக்குக் கொண்டு வாங்க."

"நாளைக்கு ஒன்பது ஆயிடுமே சார்!"

காற்புள்ளிக்கே இது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து ஒரு உத்தரவோடு வந்தார். இயக்குநர் பச்சை மையில் கையெழுத்திட்டிருந்தார்: 'மேற்படி கரைசல், தன்னைப் பற்றிய படிவம் பரிசீலனையில் இருக்கும் காலத்தில், தன் வீரியத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. இதை அனுப்புநர் உறுதி செய்ய வேண்டும்.'

கேன்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

வியாழக்கிழமை பத்து என்று எழுதிக்கொண்டு போனேன். ஒன்பது இருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக என் ப்ளீச் தேய்ந்துகொண்டிருக்க, படிவம் மட்டும் முத்திரைமேல் முத்திரை வாங்கிக் கனத்துக்கொண்டே போனது. மணி பன்னிரண்டு. சாயங்காலப் படகு நாலு மணிக்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது. துறைக்காக அழுவது கேவலம் என்று முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். அப்படியும் வந்தது.

"என் பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமை பன்னிரண்டு வயசு முடியுது சார். சனிக்கிழமை நீந்தலைன்னா அவ்வளவுதான். வாளிக்குள்ள முகத்தை வெச்சுப் பழகிக்கிட்டு இருக்கா."

காற்புள்ளி நல்ல மனுஷர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். என் பக்கம் குனிந்து, வீட்டில் ஒரு சாவு விழுந்ததைச் சொல்கிற குரலில் சொன்னார்.

"மனசைத் தளர விடாதீங்கம்மா. இது இப்படியே குறைஞ்சு அஞ்சு சதவீதத்துக்குக் கீழே போயிட்டா, அப்புறம் அது ஆபத்தான பொருளே இல்லை. பேப்பரே வேண்டாம். நீங்க என்கிட்ட வரவும் வேண்டாம். எங்க வெயிலுக்கு இன்னும் ஆறேழு நாள்ல தானா வந்திடும்."

நான் டீயைக் கீழே வைத்தேன். ஜன்னல் வழியாக யார்டு தெரிந்தது. என் பத்து கேன் வெயிலில் நின்றன. அவற்றிலிருந்து நாலடி தள்ளி ஒரு தண்ணீர்க் குழாய்.

என் மாமியார் நாற்பது வருஷமாகத் துணி துவைக்கிறார். காரம் அதிகம் என்றால் என்ன செய்வார்? தண்ணீர் ஊற்றுவார். நாலு நாளாக இந்தப் புத்தி எங்கே போயிருந்தது எனக்கு!

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்ப் பத்து காலிக் கேனை அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு கேனிலிருந்தும் பாதியைக் காலிக் கேனுக்கு மாற்றி, இரண்டையும் குழாய்த் தண்ணீரால் நிரப்பினேன். பத்து கேன் இருபது கேனாயிற்று. ஒன்பது சதவீதம் நாலரையாயிற்று. உள்ளே இருந்த மருந்து ஒரு சொட்டும் குறையவில்லை. குளத்தில் ஊற்றினால் எல்லாம் ஒன்றுதான், பத்து முறை கவிழ்ப்பதற்குப் பதில் இருபது முறை கவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான்.

காற்புள்ளி கீழே இறங்கி வந்து நின்று பார்த்தார். தடித்த விதிப்புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை புரட்டினார்.

"குழாயைப் பத்தி இதுல எதுவுமே இல்லை" என்றார். பிறகு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்காக ஹோஸைப் பிடித்தார். "அந்த ஆபத்து ஸ்டிக்கரையெல்லாம் கிழிச்சிடுங்கம்மா. ஆபத்தில்லாத பொருள் மேல ஆபத்துன்னு ஒட்டினா அது ரொம்பப் பெரிய குற்றம்."

கிழித்தேன். ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் இருபது கேனும் நாலு மணிப் படகில் ஏறின. நாலு நாள் நான் ஏறிய படிகளைப் பார்த்துக்கொண்டே நானும் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தவளை தானாகவே வெளியேறியது. சனிக்கிழமை காலையில் குளத்தின் அடியில் கிடந்த ஒரு ஹேர்பின் தெரிந்தது. நடுவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். தம்பி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தான். மகளோடு காலைப் படகில் வந்த மாமியார் செல்போன் மாலையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? விவரிப்புத் துறை இயக்குநர். கூடவே கோப்புக் கட்டைப் பிடித்துக்கொண்டு காற்புள்ளி. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தத் தெளிவான நீரைப் பார்க்கும்போது எனக்கு எங்கள் துறைதான் நினைவுக்கு வருகிறது. கடந்த ஆண்டு நாங்கள் நாலாயிரம் படிவங்களைத் திருப்பி அனுப்பினோம். பெருமையோடு சொல்கிறேன், அவற்றில் ஒரு படிவம்கூடத் தீப்பிடிக்கவில்லை! இந்த வாரம்கூட ஒரு ஆபத்தான திரவம் இந்தத் தீவுக்கு வர முயன்றது. நாங்கள் தடுத்துவிட்டோம். அது வந்திருந்தால் இந்தக் குழந்தைகளின் கதி என்ன? இந்தக் குளத்தின் கதிதான் என்ன?"

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் பக்கத்தில் தம்பி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வது போல நெடுநேரம் சிரித்தான்.

மகள் மேடையில் ஏறினாள். தண்ணீரைப் பார்த்தாள். ஒரு நொடி எனக்கு உயிர் போய்விட்டது. விசில் ஊதியதும் பாய்ந்துவிட்டாள். எட்டுப் பேரில் மூன்றாவதாக வந்தாள். அவள் தொட்ட சுவர் அருகே நான் போட்ட கூச்சலில் நடுவர் என்னை இரண்டு முறை உட்காரச் சொன்னார். பதக்கத்தை இயக்குநர் கையால் வாங்கிக்கொண்டு ஓடிவந்து, "அம்மா, அடியில இருக்கிற டைல்ஸை எண்ணிக்கிட்டே வந்தேன், அவ்வளவு தெளிவு!" என்றாள். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

சாயங்காலம் இருபது காலிக் கேனோடு படகுத்துறைக்கு வந்தோம். அங்கே காற்புள்ளி நின்றுகொண்டிருந்தார். இயக்குநர் வந்திருக்கிறார் என்பதால் அன்றைக்குக் கூடுதல் சோதனையாம்.

"இந்தப் பத்து கேன்ல ஸ்டிக்கர் இருந்த தடம் இருக்கேம்மா."

"நீங்கதானே சார் கிழிக்கச் சொன்னீங்க?"

"அது நிரம்பியிருந்தபோது. இப்போ காலி. ஆபத்தான பொருள் இருந்த கேன் காலியா பயணம் பண்ணினா, முன்னாடி அதுல என்ன இருந்துச்சுன்னு முழு விவரமும் எழுதணும். எண், பேரு, வகுப்பு, பிரிவு."

"அதுல கடைசியா இருந்தது ஆபத்தில்லாததுதானே?"

"அதுக்குப் பேப்பர் இருக்கா?"

"ஆபத்தில்லாததுக்குப் பேப்பர் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்றார் பாவம், நிஜமாகவே யோசித்துக்கொண்டு. "திங்கட்கிழமை வாங்க. முதல் தவறைச் சொல்றேன்."

படகு முதல் சங்கு ஊதியது. மாமியார் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். மகள் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கிக் கடலில் முக்கினாள். கால் மணி நேரத்தில் பத்து கேனிலும் கடல் தண்ணீர் நிரம்பியது. காற்புள்ளி ஒரு மூடியைத் திறந்தார், விரலை விட்டார், நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கடல் தண்ணி."

"ஆமா சார்."

"காலி இல்லை."

"இல்லை சார்."

அவர் முகம் மலர்ந்தது. "இதை முதல்லயே இப்படி ஒழுங்கா நிரப்பிட்டு வந்திருக்கலாம் இல்லையா? போங்க, போங்க."

நடுக்கடலில் மகளும் நானும் தளத்தின் ஓரத்தில் நின்று கேன்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். அப்போது மாமியாரின் கழுத்தில் இருந்த போன் அடித்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, பிளாஸ்டிக் பைக்குள் விரலை விட்டு ஸ்பீக்கரை அழுத்தினார்.

"அவசர உதவி. பதவி, மாமியார். சொல்லுங்க."

காற்றின் இரைச்சலுக்கு நடுவே காற்புள்ளியின் குரல் கேட்டது.

"ஒரு சின்னச் சந்தேகம்மா. கோப்பில் எழுத வேண்டும். கடல் தண்ணீர் சிந்திவிட்டால் என்ன செய்ய வேண்டும்?"

மாமியார் கவிழ்ந்துகொண்டிருந்த கடைசிக் கேனைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பதறாதீங்க தம்பி. அதை நாங்க எடுத்த இடத்திலேயே ஊத்திட்டோம்னு எழுதிக்கோங்க."